படுக்கைப் புண் யாருக்கு வரும்?

மருத்துவக் கட்டுரை என்று கண்டதும் பக்கத்தைப் புரட்டிக் கவிதைக்குப் போய்விடும் நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு என்பதை நான் அறிவேன். அவர்களைச் சிறிது நேரம் இங்கே நிறுத்தி வைக்க விரும்புகிறேன். நான் செவிலியர் பட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. இயற்பியலும் பொறியியலும் பொருளாதாரமும் பயிலும் உங்களுக்கு நோயாளியின் முதுகைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் வீட்டைவிட்டு நெடுந்தொலைவு வந்து தங்கிப் படிக்கிறோம். வீட்டில் வயது முதிர்ந்த பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார்கள். பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று ஒரு நாள் செய்தி வரும். அறுவை நன்றாக முடிந்தது என்று அடுத்த செய்தி வரும். சில வாரம் கழித்து, எலும்பு கூடிவிட்டது, ஆனால் முதுகுக்குக் கீழே புண் வைத்துவிட்டது என்பார்கள். எலும்பு முறிவிலிருந்து தப்பியவர் புண்ணில் கிருமி ஏறி மடிவதும் உண்டு. 'படுத்தால் புண் வரத்தானே செய்யும்' என்று சுற்றத்தார் சொல்லித் தேற்றிக்கொள்வார்கள்.

அப்படி வரத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாருக்கு வரும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறியலாம். அறிந்தால் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம். எப்படி அறிவது என்பதே இக்கட்டுரையின் பொருள். அத்துடன், நம் நிறத்தவரைப் பற்றிப் பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'படுக்கைப் புண்' என்பது மக்கள் வழக்கு. ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவருக்கும் இது வருகிறது. மூக்குக்குப் பிராணவாயுக் குழாய் போட்டவருக்குக் குழாய் உரசும் காது மடலில் வருகிறது. ஆகவே மருத்துவ நூல்கள் 'அழுத்தப் புண்' என்று எழுதின. 2016இல் அமெரிக்க வல்லுநர் குழு ஒன்று அதையும் மாற்றி 'அழுத்தக் காயம்' என்றது. தோல் கிழியாத நிலையிலேயே உள்ளே சிதைவு தொடங்கிவிடுகிறது என்பது காரணம். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே அகப்பட்ட தசையும் கொழுப்பும் தோலும் இரத்த ஓட்டம் இன்றி மடிவதுதான் இந்நோய். நான் மக்கள் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

இயற்பியல் நண்பர்கள் இந்த இடத்தில் எனக்குத் துணை வரலாம். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். ஆணிப் படுக்கையில் படுத்துக் காட்டும் சாமியார்களின் வித்தை இதுவே. ஆணிகள் ஆயிரம் இருப்பதால் ஓர் ஆணிக்கு வரும் பங்கு சிறிது. மெத்தையில் படுத்த மனிதனுக்கோ ஆணிகள் உடலுக்குள்ளேயே இருக்கின்றன. மல்லாந்து படுத்தால் பின்தலை, தோள்பட்டை எலும்புகள், முழங்கை, புட்டத்துக்கு நடுவே மேற்புறமுள்ள திரிக எலும்பு, குதிகால் ஆகிய சில மேடுகளே பாரத்தின் பெரும் பகுதியைத் தாங்குகின்றன. ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பும் கணுக்காலும் காதும் தாங்குகின்றன. உட்கார்ந்தால் புட்டத்தின் இரு எலும்பு முனைகள் தாங்குகின்றன. தோலுக்கு உணவும் பிராணவாயுவும் கொண்டுவரும் தந்துகிகள் மயிரினும் நுண்ணிய குழாய்கள். லாண்டிஸ் என்ற அறிஞர் 1930இல் விரல் நகத்தடியில் இவற்றினுள் அழுத்தத்தை அளந்தார். குழாயின் தொடக்க முனையில் அது சராசரி 32 மில்லிமீட்டர் பாதரசம் இருந்தது. நம் கையில் கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் 120 என்றால் இது எவ்வளவு சிறிது என்று பாருங்கள். எலும்பு மேட்டின் அடியில் வெளியழுத்தம் இதை எளிதில் மிஞ்சிவிடும். 32க்கு மேல் போனால் புண், கீழே இருந்தால் நலம் என்று இதை ஒரு கோடாகக் கிழித்துவிட முடியாது. ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். நகத்தடி வேறு, குதிகால் வேறு.

அழுத்தத்தோடு காலமும் சேர வேண்டும். கோசியாக் என்ற மருத்துவர் 1959இல் நாய்களிடம் செய்த சோதனையில், மிகுந்த அழுத்தம் சிறு நேரத்திலும், குறைந்த அழுத்தம் நெடுநேரத்திலும் ஒரே வகைச் சிதைவை உண்டாக்குவதைக் காட்டினார். வரைபடமாக வரைந்தால் இறங்கி வரும் வளைகோடு ஒன்று கிடைக்கும். இக்கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும். அபாயக் காரணங்கள் என்று நூல்கள் அடுக்குவனவற்றில் சில அழுத்தத்தையோ காலத்தையோ கூட்டுவன. ஏனையவை, அந்தக் கோட்டையே கீழே இறக்கிவிடுவன. அதாவது, பிறருக்குத் தீங்கு செய்யாத அழுத்தமும் நேரமும் இவருக்குத் தீங்கு செய்யும்.

நாமெல்லாம் இரவில் எட்டு மணி நேரம் படுக்கிறோமே, நமக்கு ஏன் புண் வரவில்லை? நாம் அசைகிறோம். உறக்கத்திலும் அசைகிறோம். ஆறு மாதம் தூங்கிய கும்பகருணனும் புரண்டு புரண்டுதான் படுத்திருக்க வேண்டும். தோல் நோகத் தொடங்கியதும் அச்செய்தி மூளைக்குப் போகிறது. நாம் விழிக்காமலே உடல் திரும்பிக்கொள்கிறது. 1961இல் எக்ஸ்டன் ஸ்மித், ஷெர்வின் என்ற இருவர் இங்கிலாந்தில் 50 முதிய நோயாளிகளின் இரவு அசைவுகளைக் கருவி வைத்து எண்ணினார்கள். ஓர் இரவில் 50 முறைக்கு மேல் அசைந்தவர்களில் எவருக்கும் புண் வரவில்லை. 20 முறையோ அதற்குக் குறைவாகவோ அசைந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வந்தது. இவ்வளவு எளிய எண்ணிக்கை இவ்வளவு தெளிவாகப் பேசுவதை மருத்துவத்தில் அரிதாகவே காண்கிறோம்.

எனவே முதல் கேள்வி, நோயாளி தாமே புரள்கிறாரா என்பது. பேசுகிறாரா, சிரிக்கிறாரா, சாப்பிடுகிறாரா என்பவை பின்னர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலற்றவர், இடுப்பெலும்பு முறிந்து வலிக்கு அஞ்சி அசையாமல் கிடப்பவர், தூக்க மருந்தின் மயக்கத்தில் இருப்பவர், நினைவு தவறியவர், நீண்ட அறுவைக்காக மேசையில் படுத்தவர் ஆகிய அனைவரும் இதில் ஒன்றே. அறுவை மேசையும், இடம் கிடைக்காமல் நடைவழியில் மணிக்கணக்கில் கிடக்கும் ஸ்டிரெச்சரும் பலர் கருத்தில் படுவதில்லை. புண் வெளியே தெரிவது சில நாள் கழித்து என்பதால், விதைத்த இடம் மறந்துபோகிறது.

இரண்டாவது, உணர்ச்சி. நோவு தெரியாதவன் ஏன் திரும்புவான்? இதற்குத் தமிழ் நாட்டிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்தார். தொழுநோய்த் தசை அழுகும் இயல்புடையது, அதனால் ஆறாது என்று அக்காலத்தில் எண்ணினர். பிராண்ட் கண்டது வேறு. நரம்பு மரத்துப்போனதால் அவர்கள் காலில் நோவை அறியவில்லை. நாம் நொண்டி நொண்டிக் காப்பாற்றும் இடத்தை அவர்கள் மிதித்து மிதித்துச் சிதைத்தார்கள். பாரத்தை நீக்கினால் அதே தசை ஆறியது. அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை செய்தார். பின் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தை உருவாக்கியவர் அவரே. பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வேலூருக்கு வைத்தியம் நாடிச் செல்வோர் மிகுதி. நான் தமிழ் நாட்டுப் பெண் என்று அறிந்ததும் இங்கே வார்டில் பலர் 'வேலூரா?' என்றே கேட்கிறார்கள்.

முதுகுத்தண்டு சிதைந்தவர்களின் கதை இந்நோயின் வரலாற்றில் ஒரு திருப்பம். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நரம்பியல் மேதை ஷார்க்கோ, நரம்பு சிதைந்தால் தோல் தானே அழியும், புண் தவிர்க்க இயலாதது என்று கற்பித்தார். அவருக்கு முன்பே பிரௌன் செக்கார் என்பவர், முதுகுத்தண்டு அறுந்த விலங்குகளை ஓரிடம் அழுந்தாமலும் சிறுநீர் நனையாமலும் வைத்தால் புண் வருவதில்லை என்று காட்டியிருந்தார். 1859இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும், இதற்கு நோயைக் குறை சொல்லாமல் பராமரிப்பைக் குறை சொல்லுங்கள் என்ற கருத்தை எழுதினார். ஆனால் மேதையின் சொல்லே நெடுநாள் நின்றது. 1944இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன் அதை மாற்றினார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர் அவர். போரில் முடமான வீரர்களை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். சாவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தார்கள். 1948இல் அதே மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். இன்றைய பாரா ஒலிம்பிக் விளையாட்டின் தொடக்கம் அதுவே.

மூன்றாவது காரணம் பொறியியல் மாணவர்களுக்கு உரியது. அவர்கள் 'ஷியர்' என்று படிக்கும் விசை. நோயாளிக்குத் தலைப்பக்கம் உயர்த்தி உணவு ஊட்டுகிறோம். ஊட்டியபின் அப்படியே விட்டுவிடுகிறோம். உடல் மெல்லக் கால்பக்கம் சறுக்குகிறது. எலும்பு கீழே போகிறது. தோலோ விரிப்பில் ஒட்டிக்கொண்டு மேலேயே நிற்கிறது. இடையிலுள்ள இரத்தக் குழாய்கள் முறுக்கப்பட்டு மடங்குகின்றன. அதன்பின் குறைந்த அழுத்தமே அவற்றை மூடிவிடும். பிறகு இரண்டு பேர் வந்து அக்குளில் கை கொடுத்து நோயாளியை மேலே இழுக்கிறார்கள். உராய்வும் சேர்ந்தது. தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் நெடுநேரம் உயர்த்தி வைக்க வேண்டாம் என்பது இதனால்தான். ஆனால் ஊட்டும்போது உயர்த்தாவிட்டால் உணவு மூச்சுக் குழலில் இறங்கும் அபாயம் உண்டு. இரண்டுக்கும் நடுவே நின்றுதான் ஆக வேண்டும். ஊட்டும்போதும், உணவு இறங்கும்வரை சிறிது நேரமும் உயர்த்தி, பின் தாழ்த்துவதே வழி. மேலே நகர்த்தும்போது இழுக்காமல், பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்பின் அடியில் இட்டு, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்க வேண்டும்.

ஈரத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றடியில் நெடுநேரம் துணி துவைத்தவர் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஊறிய தோல் எளிதில் கிழியும். சிறுநீரும் மலமும் அதற்குமேல் அரிக்கின்றன. இங்கே ஒரு முரண்பாடு உண்டு. மெத்தை நனையாமல் காக்க வீடுகளில் ரப்பர் விரிப்பு இடுகிறோம். அது மெத்தையைக் காக்கிறது. வியர்வையையும் வெப்பத்தையும் தேக்கி மனிதனை வேக வைக்கிறது. வேண்டியிருந்தால் இடுப்பின் அடியில் மட்டும் சிறிதாக இட்டு, மேலே பருத்தித் துணி விரித்து, நனைந்த உடனே மாற்ற வேண்டும்.

உணவைப் பற்றி நம் நாட்டார் அறிய வேண்டியது அதிகம். நோயாளி என்றால் நம் வீட்டில் அரிசிக் கஞ்சி, ரசஞ்சோறு, ரொட்டி, இளநீர். வயிற்றுக்கு இதமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அபாய நிலையிலும் புண்பட்ட நிலையிலும் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டி நூல் கூறியது. 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு இது 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம்தான் இருக்கிறது. கஞ்சித் தண்ணீரில் இருப்பதைச் சொல்லவே வேண்டாம். பாட்டி மரக்கறி உணவினராயின் பாலும் தயிரும் பருப்பும் சுண்டலும் பொட்டுக்கடலை மாவும் ஒவ்வொரு வேளையும் சேர வேண்டும். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்க. மெலிந்தவருக்கு இன்னொரு கேடும் உண்டு. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே இருக்க வேண்டிய சதை அவருக்கு இல்லை. பருத்தவருக்கு வராது என்றும் எண்ண வேண்டாம். அவரைத் திருப்ப ஆள் போதாமல் அவர் அப்படியே கிடப்பார்.

எஞ்சியவை இரத்த ஓட்டத்தைச் சேர்ந்தவை. நீரிழிவு, காலின் இரத்தக் குழாய் அடைப்பு, புகைப் பழக்கம், இரத்தச் சோகை, இரத்த அழுத்தம் வீழ்ந்து தீவிரச் சிகிச்சையில் இருத்தல் ஆகிய எல்லாம் வளைகோட்டைக் கீழே இறக்குவன. காய்ச்சலும் அப்படியே. உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் திசுக்களின் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. முதுமையில் தோல் மெலிந்து மீள்திறன் குறைகிறது. முன்பு ஒருமுறை புண் வந்து ஆறிய இடம் என்றைக்கும் அபாய இடமே. ஆறிய வடு பழைய தோலின் வலிமையைப் பெறுவதில்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் மூச்சுத் திணறியவர்களைக் குப்புறப் படுக்க வைத்தபோது நெற்றியிலும் கன்னத்திலும் மோவாயிலும் புண் வந்தது. நாள் முழுதும் இறுக்கமான முகக் கவசம் அணிந்த செவிலியருக்கே மூக்குத் தண்டில் வந்தது. அழுத்தம் ஆள் பார்ப்பதில்லை.

இனி, முதலில் சொல்வதாகச் சொன்ன செய்தி. புண்ணின் முதல் நிலையைப் புத்தகங்கள் எப்படி வருணிக்கின்றன? எலும்பு மேட்டின்மேல் தோல் சிவந்திருக்கும். விரலால் அழுத்தினால் சிவப்பு வெளுக்காது. வெளுத்து மீண்டும் சிவந்தால் இரத்தம் ஓடுகிறது, அஞ்ச வேண்டியதில்லை. வெளுக்காவிட்டால் உள்ளே கேடு தொடங்கிவிட்டது. நல்ல சோதனைதான். ஆனால் இது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம்மைப் போன்ற கரிய தோலில் சிவப்பும் எளிதில் தெரியாது, வெளுப்பதும் தெரியாது. அமெரிக்காவில் கறுப்பு இன முதியோரிடம் செய்த ஆய்வுகளில் முதல் நிலைப் புண் குறைவாகவும், தோல் உரிந்த பிந்திய நிலைகள் மிகுதியாகவும் பதிவாகியுள்ளன. அவர்களுக்கு முதல் நிலை வராமல் இல்லை. பார்த்தவர் கண்ணுக்குப் படவில்லை. அந்தச் சில நாள்தான் பாரத்தை நீக்கினாலே கேடு திரும்பக்கூடிய காலம்.

எங்கள் வார்டில் சென்ற ஆண்டு பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்த முதியவர் ஒருவர் இருந்தார். பல ஆண்டு ரிக்ஷா இழுத்தவர், மெலிந்த, நல்ல கரிய உடல். வாய் பேச வராது. காலைக் குறிப்பில் 'தோல் நலம்' என்று எழுதியிருந்தது. பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. எங்கள் ஆசிரியை என்னை அழைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். புறங்கையை அவருடைய திரிக எலும்பின்மேல் வைத்தேன். பின் நான்கு விரல் தள்ளி இடுப்பில் வைத்தேன். எலும்பின்மேல் தெளிவாகச் சூடு. விரல் நுனியால் மெல்லத் தொட்டால், சுற்றுப்புறம் மெத்தென்றும் அவ்விடம் மாவு இறுகியது போலவும் இருந்தது. பிறகு சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, ஓர் உள்ளங்கை அளவு இடம் மற்ற தோலைவிட ஊதாக் கலந்த கருமையாகவும் சற்று மினுமினுப்பாகவும் இருந்தது. அன்றே அவரை மல்லாந்து படுக்க வைப்பதை நிறுத்தினோம். 'கர்வட்' என்ற இந்திச் சொல்லை நான் நன்றாகக் கற்றது அந்த வாரம்தான். ஒருக்களித்துப் படுக்கும் பக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அவருடைய மகனிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பேனோ. ஐந்தாம் நாள் சூடும் இறுக்கமும் குறைந்தன. புண் வாய் திறக்கவில்லை.

ஆகவே நம் தோலில் தேட வேண்டியவை சூடு, இறுக்கம் அல்லது சொதசொதப்பு, அக்கம்பக்கத்தைவிட மாறிய நிறம், பேசக்கூடியவராயின் அவ்விடத்தில் எரிச்சலோ வலியோ. முதலில் சூடாக இருந்த இடம் பின்னர்க் குளிர்ந்து போவதும் உண்டு. அது நல்ல அறிகுறி அன்று. வண்டு புகுந்த மாம்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் அழகாக இருக்கும், கொட்டையருகே கேடு நடக்கும். தோலைவிடத் தசை அழுத்தத்துக்கு விரைவில் மடிவது. எனவே எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்கி வெளியே வரும் புண்கள் உண்டு. மேலே காசளவு துளை தெரியும்போது உள்ளே குகை இருக்கும்.

இக்காரணங்களை எல்லாம் ஓர் எண்ணாகச் சுருக்கும் முயற்சி 1962இல் தொடங்கியது. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியும் அவர் துணைவரும் முதியோர் பராமரிப்பை ஆராய்ந்து ஓர் அளவை வகுத்தனர். உடல் நிலை, மன நிலை, நடமாட்டம், அசைவு, சிறுநீர் மலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு மதிப்பெண். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அபாயம். பள்ளித் தேர்வு போல, குறைந்த மதிப்பெண்ணே அஞ்சத்தக்கது. 1987இல் அமெரிக்கச் செவிலியர் பிரேடனும் பெர்க்ஸ்ட்ராமும் வெளியிட்ட அளவை இன்று இந்திய மருத்துவமனைகளில் பெரிதும் வழங்குகிறது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வும் சறுக்கும் என்று ஆறு தலைப்பு. மொத்தம் 6 முதல் 23 வரை. 18 அல்லது அதற்குக் கீழ் அபாயம். நார்ட்டனிடம் இல்லாத உணவும் சறுக்கும் இதில் புகுந்தன. இதிலும் இரத்த ஓட்டத்துக்குத் தனி இடம் இல்லை, தோலின் நிறத்துக்கும் இல்லை. எனவே எண் நல்லதாக வந்தாலும் கையை வைத்துப் பார்ப்பதை விட முடியாது. மதிப்பெண் போட்டதாலேயே புண் குறைந்தது என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. மதிப்பெண்ணைக் கட்டத்தில் எழுதிவிட்டு நோயாளியைத் திருப்பாமல் போகும் வழக்கத்தைப் பார்த்த எவருக்கும் அதில் வியப்பிராது.

நம் வீடுகளில் அன்பினால் செய்யப்படும் சில காரியங்களை விட்டுவிடச் சொல்ல வேண்டும். நிறம் மாறிய இடத்தில் எண்ணெயோ பவுடரோ இட்டு அழுத்தித் தேய்ப்பது, நொந்த குழாய்களை மேலும் கிழிக்கும். ஸ்பிரிட் தடவுவது தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும். நடுவே துளையுள்ள காற்று வளையத்தை மருந்துக் கடைகளில் இன்றும் விற்கிறார்கள். அது துளைக்குள்ளிருக்கும் தோலைச் சுற்றி வட்டமாக இறுக்கி இரத்தத்தைத் தடுக்கிறது. ரப்பர்க் கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலின் அடியில் வைப்பதும் அத்தகையதே. குதிகாலுக்கு வேண்டியது கெண்டைக்கால் நெடுக அடியில் ஒரு தலையணை. குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு தாளை அடியில் விட்டால் தடையின்றிப் போய் வர வேண்டும். ஒருக்களிக்கும்போது முழுப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பெலும்பின்மேல் பாரம் விழும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை அளவு சாய்த்தால், திரிகமும் தப்பும், இடுப்பெலும்பும் தப்பும்.

எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது? இரண்டு மணி என்பது குட்மன் காலத்திலிருந்து வந்த மரபு. வீட்டில் இதைக் கடைப்பிடிப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அம்மாவோ அண்ணியோ, பகலெல்லாம் உழைத்த ஒரு பெண். இரவில் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எழுந்தால் இரண்டே வாரத்தில் அவளும் படுத்துவிடுவாள். 2013இல் வெளிவந்த ஆய்வொன்று இங்கே உதவுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் 942 பேரை அடர்ந்த நல்ல ரக நுரை மெத்தையில் படுக்க வைத்து, சிலரை இரண்டு மணிக்கும் சிலரை மூன்று மணிக்கும் சிலரை நான்கு மணிக்கும் ஒருமுறை திருப்பினார்கள். மூன்று வாரத்தில் புண் வந்தவர் தொகையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அமுங்கிப்போன பழைய இலவம்பஞ்சு மெத்தைக்கும் பாய்க்கும் இது பொருந்தாது. பிறகு எல்லா நோயாளிக்கும் ஒரே மணிக்கணக்கும் பொருந்தாது. மெத்தைக்குச் செலவிட முடிந்த வீட்டில், பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை திருப்பி, இரவில் பத்து, இரண்டு, ஆறு என்று வைத்துப் பார்க்கலாம். காலையில் புறங்கையை வைத்துப் பார்க்கும்போது சூடோ இறுக்கமோ தென்பட்டால் அன்றிரவே இடைவெளியைக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கலாம்.